பாதையின் உரிமையும் ஒரு மூக்குக் கண்ணாடியும்

அமெரிக்க எழுத்தாளர் டேவ் எக்கர்ஸ் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி சர்க்கிள்' என்னும் ஆங்கில நாவலை, அது வெளிவந்த சில மாதங்களிலேயே படித்தேன். படித்து முடித்ததும், 'மிகைப்படுத்தல் மலிந்த நூல்' என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அக்குறிப்பு இன்னும் அழியாமல் இருக்கிறது. எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் அந்நூலை மீண்டும் எடுத்துத் தூசி தட்டச் செய்தது.

நிக்காஹ் முடிந்து, பெண்கள் பகுதியில் விருந்து நடந்துகொண்டிருந்தது. திரைக்கு அப்பால் சோற்றுச் சஹனைக் கொண்டுபோய் வைக்க வீட்டுப் பிள்ளைகள் சிலர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தனர். அவர்களில் ஒருவன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞன். எனக்கு மருமகன் முறை. தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தான். கையில் கைப்பேசி இல்லை. இரு கைகளிலும் சஹன்தான் இருந்தது. ஆகவே எவருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. மாலையில் என் சாச்சி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்தப் பிள்ளை கண்ணாடி ஓரத்துல வெளக்கு ஒண்ணு எரிஞ்சிச்சே, அது என்ன வெளக்கு?" என்று கேட்டார்கள். பையனை அழைத்து விசாரித்தேன். அவன் ஒளிக்கவில்லை. "சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான் மாமா" என்று சொல்லித் தன் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினான். ஏறக்குறைய நாற்பது வினாடி. சிரித்துப் பேசும் பெண்கள். உணவுண்ணும் மும்முரத்தில் தலைத்துணி நழுவியதை அறியாத ஒருவர். மடியில் குழந்தையைக் கிடத்திக்கொண்டு நிமிரும் ஒரு தாய். எல்லாரும் அவனைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் பார்வை அது. படக்கருவியைப் பார்க்கும் பார்வை அதில் ஒருவரிடத்தும் இல்லை.

அன்றிரவு ஊரிலிருந்து திரும்பியதும் எக்கர்ஸின் நாவலைத் தேடி எடுத்தேன்.

கதை எளியது. மே ஹாலண்ட் என்னும் இளம்பெண், உலகையே வளைத்துக்கொண்ட ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். நிறுவனத்தின் பெயர் 'வட்டம்'. அதன் தலைவர்களில் ஒருவரான பெய்லி, கைக்கு அடக்கமான மலிவு விலைப் படக்கருவிகளை உலகெங்கும் பொருத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறார். தனிமை நாடி ஓரிரவு படகோட்டச் சென்ற மே, கடை மூடியபின் கேளாமல் படகை எடுத்துச் சென்றது அத்தகைய கருவிகளில் பதிவாகிவிடுகிறது. பெய்லி அவளைக் கடிந்துகொள்ளவில்லை; கனிவோடு பேசிப் பேசியே அவளைக் கரைத்துவிடுகிறார். மறைப்பது பொய், பகிராமல் வைத்துக்கொள்வது திருட்டு என்ற பொருளில் அவள் மேடையேறிப் பேசும் அளவுக்கு அவள் மனம் மாறுகிறது. இறுதியில் மார்பில் ஒரு படக்கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் தன் வாழ்வை இலட்சோப லட்சம் பேருக்குக் காட்டும் 'ஒளிவுமறைவற்ற' பெண்ணாகிறாள்.

கலைநயத்தை வைத்துப் பார்த்தால் இதைச் சிறந்த நாவல் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். பாத்திரங்களில் பலர் கருத்துகளைத் தாங்கி நிற்கும் கழிகளாகவே இருக்கின்றனர். மேயின் பேதைமை சில இடங்களில் வாசகரின் பொறுமையைச் சோதிக்கிறது. ஆழ்கடலிலிருந்து கொண்டுவந்த, உடல் முழுதும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சுறாமீன் ஒன்று தொட்டியில் இட்ட உயிர்களையெல்லாம் விழுங்கும் காட்சி ஒன்று வருகிறது. அது எதைக் குறிக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். உவமையை இவ்வளவு உரக்கச் சொல்லும் ஆசிரியர் தம் வாசகரை நம்பவில்லை என்றே பொருள். 2017-இல் இதைத் திரைப்படமாக்கியவர்கள் முடிவையும் மாற்றி, நாவலுக்கிருந்த கசப்பையும் போக்கிவிட்டார்கள். அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

ஆயினும் இரண்டு இடங்களில் நாவல் உயிர் பெற்று எழுந்து நிற்கிறது. ஒன்று மேயின் பெற்றோர் வரும் பகுதி. நோயுற்ற தந்தையின் மருத்துவச் செலவை நிறுவனம் ஏற்கிறது; அதற்குக் கைம்மாறாக வீட்டினுள் படக்கருவிகள் வந்து அமர்கின்றன. வயோதிகத் தம்பதியர் அவற்றைத் துணியிட்டு மூடுகின்றனர். ஒருநாள் மார்பில் கருவியோடு மகள் முன்னறிவிப்பின்றி வீட்டினுள் நுழைகிறாள். பெற்றோரின் அந்தரங்க வேளை ஒன்று, அவள் பின்வாங்கும் முன்பே, உலகத்தார் கண்ணில் பட்டுவிடுகிறது. பதிந்த எதையும் அழிப்பதில்லை என்பது அந்நிறுவனத்தின் கோட்பாடு. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் ஒரு நாளின் மூன்று வேளைகளில், அதாவது வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும், சொந்த வீட்டுப் பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று விதிக்கப்பட்டிருப்பதை அறிந்த நம் வாசகர்கள் இக்காட்சியின் கொடுமையை எக்கர்ஸின் நாட்டவரைவிட விரைவாக உணர்வர் என்று எண்ணுகிறேன். மகளே ஆயினும், அவள் கண் மட்டும் உள்ளே வரவில்லை; தன்னோடு ஓர் ஊரையே அழைத்து வந்திருக்கிறாள்.

மற்றொன்று மெர்சரின் கதை. மான்கொம்புகளைக் கொண்டு சரவிளக்குகள் செய்து பிழைக்கும் எளிய மனிதன் அவன். ஒரு காலத்தில் மேக்கு நெருக்கமானவன். தன்னை விட்டுவிடும்படி அவளுக்கு மடல் எழுதிவிட்டு ஊரைவிட்டே ஒதுங்கிப் போய்விடுகிறான். மேயோ மேடைமீது நின்றுகொண்டு, உலகில் எவரையும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்பதை மெய்ப்பிக்க முனைகிறாள். முதலில் தப்பியோடிய குற்றவாளி ஒருத்தி பிடிபடுகிறாள், அவையினர் ஆர்ப்பரிக்கின்றனர். அடுத்துக் குற்றமற்ற ஒருவனைத் தேடுவோம் என்கிறார்கள். அவன் மெர்சர். கைப்பேசி ஏந்தியவர்கள் துரத்துகின்றனர். பறக்கும் பொறிகள் துரத்துகின்றன. எல்லாமே நட்பின் பெயரால் நடக்கிறது. அவன் தன் வண்டியைப் பாலத்திலிருந்து பள்ளத்தில் செலுத்திவிடுகிறான். அவன் செய்த குற்றம், பார்க்கப்பட விரும்பாதது ஒன்றே. அங்கே நாவலாசிரியர் பிரசங்கம் செய்யவில்லை. கதையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். அந்தப் பக்கங்களுக்காகவே பழைய பென்சில் குறிப்பைத் திருத்த நினைத்தேன்.

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் எக்கர்ஸின் கணிப்பு பொய்த்துவிட்டது. அவருடைய மே, படக்கருவியை எல்லாரும் காணும்படி மார்பில் அணிகிறாள். அவள் வரும்போதே, இதோ கருவி வருகிறது என்று ஊர் அறியும். பேச்சைக் குறைத்துக்கொள்ளவோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ எதிரில் வருபவருக்கு ஒரு கணமேனும் அவகாசம் உண்டு. அவர் காட்ட விரும்பிய வீழ்ச்சி, அணிந்தவளின் வீழ்ச்சி. நடைமுறையில் நிகழ்ந்திருப்பது வேறு. அணிந்தவன் தன்னைப் பற்றி ஒன்றும் வெளிப்படுத்துவதில்லை. எதிரே வருபவர்தாம் வெளிப்படுத்தப்படுகிறார், அதுவும் தாம் அறியாமல்.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது. நாவல் வெளிவந்த அதே 2013-இல்தான் கூகுள் நிறுவனம் 'கூகுள் கிளாஸ்' என்னும் கண்ணாடியை 1,500 டாலர் விலையில் தேர்ந்தெடுத்த சிலருக்கு விற்கத் தொடங்கியது. புருவத்தின்மீது ஒரு பளிங்குக் கட்டி துருத்திக்கொண்டிருக்கும் விந்தையான அமைப்பு. அதைக் கண்டவர் எவரும் கண்ணாடி என்று ஏமாறமாட்டார். பொருள் கடைத்தெருவை எட்டும் முன்பே, அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், சியாட்டில் நகரத்து மதுக்கடை ஒன்று அதை அணிந்து வருவோருக்கு இடமில்லை என்று அறிவித்தது. அணிந்தவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல்லே பிறந்துவிட்டது. மறு ஆண்டு, பிறரை அச்சுறுத்தும்படி நடந்துகொள்ள வேண்டாமென்று தன் வாடிக்கையாளருக்கு அறிவுரை கூற வேண்டிய நிலைக்கு அந்நிறுவனமே ஆளானது. 2015 சனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது. அந்நாளில் பலரும், மக்கள் தங்கள் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நிறுவனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமோ வேறு. பொருளை மக்கள் வெறுத்தது அது படம் பிடித்ததால் என்று அவை கொள்ளவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்ததால் என்று கொண்டன. 2021 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனம், ரேபான் கண்ணாடிகளை விற்கும் எஸ்ஸிலார்லக்ஸாட்டிகாவோடு கைகோத்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தது. சட்டம் 1950-களிலிருந்து உலகம் பார்த்துப் பழகிய அதே வடிவம். 2023 அக்டோபரில் இரண்டாம் படைப்பு வந்தது. 12 மெகாபிக்சல் படக்கருவி, ஒலிவாங்கிகள், பேசினால் மறுமொழி கூறும் செயற்கை நுண்ணறிவு எல்லாம் அந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே அடங்கின. அன்றுமுதல் இருபது லட்சம் கண்ணாடிகள் விற்றதாக 2025 பிப்ரவரியில் எஸ்ஸிலார்லக்ஸாட்டிகா தெரிவித்தது. அவ்வாண்டு மே மாதம் ரூ. 29,900 தொடக்க விலையில் இந்தியாவிலும் அது விற்பனைக்கு வந்தது. கூகுள் கண்ணாடியை அணிந்தவனை ஊர் ஏளனம் செய்தது. இதை அணிந்தவனைக் கண்பார்வை குறைந்தவன் என்று எண்ணி ஊர் இரக்கப்படும்.

இந்தக் கண்ணாடிகளில் படம் பிடிக்கும்போது சட்டத்தின் முனையில் சிறு வெள்ளை விளக்கு எரியும். என் சாச்சி கண்டது அத்தகைய விளக்கைத்தான். மற்றவருக்கு அறிவிப்பு அதுவே என்பது நிறுவனத்தின் வாதம். 2021-இல் முதல் கண்ணாடி வந்தபோதே அயர்லாந்து, இத்தாலி ஆகிய இரு நாடுகளின் தரவுக் காப்பு அதிகாரிகள், இந்த விளக்கு எதிரிலிருப்பவருக்குப் போதிய அறிவிப்பாகுமா என்று வெளிப்படையாக ஐயம் எழுப்பினர். பின்வந்த கண்ணாடியில் விளக்கைப் பெரிதாக்கினார்கள். அதை மறைத்தால் கருவி படம் பிடிக்க மறுக்கும்படியும் செய்தார்கள். இது ஒரு முன்னேற்றமே. ஆனால் 2025-இல், சிறு தொகை பெற்றுக்கொண்டு அவ்விளக்கை முடக்கித் தருபவர் ஒருவரைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைச் செய்தி வெளியாயிற்று. முடக்காவிட்டாலும், நண்பகல் வெயிலில் அந்த மினுக்கம் யார் கண்ணில் படும்? பட்டாலும் அதன் பொருளை யார் அறிவார்? தென் கொரியாவில் 2004 முதல் கைப்பேசியில் படம் எடுத்தால் ஓசை எழவேண்டும் என்று விதி செய்தார்கள். ஓசை, முதுகு காட்டி நிற்பவருக்கும் கேட்கும். விளக்கோ, ஏற்கெனவே நம் முகத்தை அக்கண்ணாடியின் பக்கம் திருப்பியிருந்தால்தான் தெரியும். அறிவிப்பு வந்து சேரும்போது படம் பிடிபட்டாயிற்று. என் சாச்சிக்கு எழுபது வயதிருக்கும். விளக்கைப் பார்த்தார்கள், அது என்னவென்று கேட்க மாலைவரை காத்திருந்தார்கள். அறிவிப்பு என்பதன் இலக்கணம் இதுதானா?

மெர்சரின் கதையை மிகை என்று நான் எழுதிய குறிப்புக்கு மறுப்பு 2024 அக்டோபரில் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், கடையில் விற்கும் அதே கண்ணாடியை அணிந்து ஒரு செய்முறையைப் படமாக்கி வெளியிட்டனர். கண்ணாடி காணும் காட்சி நேரலையாகக் கணினிக்குச் செல்கிறது. அங்கே முகத்தைக்கொண்டு இணையமெங்கும் தேடும் சேவை ஒன்று அம்முகத்துக்குரிய பழைய படங்களைத் தருகிறது. மொழியறியும் பொறி அவற்றிலிருந்து பெயரைப் பிரித்தெடுக்கிறது. பெயரைக்கொண்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அமெரிக்காவில் பகிரங்கமாக விற்கப்படும் பட்டியல்களிலிருந்து வந்து விழுகின்றன. இவற்றில் எதையும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தனித்தனியே கிடந்தவற்றை ஒரு நூலில் கோத்தார்கள். சுரங்க இரயில் நிலையத்தில் முன்பின் அறியாதவரிடம் சென்று, பழகியவர்போல் பெயர் சொல்லி அழைத்துப் பேசினார்கள். அவரும் மகிழ்ந்து கைகொடுத்தார். எச்சரிக்கை செய்வதே எங்கள் நோக்கம் என்று கூறி, அதை இயக்கும் நிரலை அவர்கள் வெளியிடாமல் வைத்துக்கொண்டது நன்று. அந்தக் கைகுலுக்கலை நினைக்குந்தோறும் எனக்கு மெர்சர் நினைவுக்கு வருகிறான். நாவலில் துரத்துபவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கே புன்னகையோடு வந்து ஸலாம் சொல்லுவது போல வந்தார்கள். எக்கர்ஸ் இதை எழுதியிருந்தால் நம்பமுடியவில்லை என்று நானே பென்சிலை எடுத்திருப்பேன்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். வீதி பொதுவானது, அங்கே வந்தவரை எவரும் பார்க்கலாம், பார்க்கத் தகுந்ததைப் படம் பிடிக்கவும் தகும் என்பர். இவ்வாதம் இன்று பிறந்ததன்று. 1888-இல் ஈஸ்ட்மனின் கோடக் கைப்பெட்டி வந்து, படம் பிடிப்பது தொழிலாளர் கையிலிருந்து வழிப்போக்கர் கைக்கு மாறிய உடனேயே இது பிறந்துவிட்டது. 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு சட்ட வல்லுநர்கள், தனித்திருக்கும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று வாதிட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, நொடியில் படம் பிடிக்கும் கருவியும் அதற்குத் தீனி கேட்ட செய்தித்தாள்களும் காரணமாயிருந்தன. நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவள் இசைவின்றி மாவு விளம்பரத்தில் இட்டு, இருபத்தையாயிரம் சுவரொட்டிகளாக அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். தெரிந்தவர் கேலி செய்ய, அவள் நோயுற்றுப் படுத்தாள். 1902-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு பேருக்கு மூன்று பேர் என்ற கணக்கில், இப்படியோர் உரிமை சட்டத்தில் இல்லையென்று அவள் வழக்கைத் தள்ளிவிட்டது. பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றம் விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் ஒருவர் உருவை இசைவின்றி எடுத்தாள்வதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. நீதிமன்றம் கைவிட்டதை மக்களின் வெட்கவுணர்வு மீட்டுத் தந்தது.

நம் நாட்டிலும் வழி முற்றும் அடைபட்டதன்று. 1994-இல் ஆட்டோ சங்கரின் வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் வார இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில், தம்மைத் தம் போக்கில் விட்டுவிடக் கோரும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தது. அத்தீர்ப்பில் ஒரு கருத்து நாம் பேசும் பொருளுக்கு நேரே பொருந்துவது: பொதுவிடத்தில் கால் வைத்த மாத்திரத்தில் ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதன்று, ஆளோடு ஒட்டியது. சொல் அழகியது. ஆனால் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண்ணொருத்தி தனிமையில் இருக்கும் வேளையில் அவளைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் தண்டிக்கிறது. கல்யாணப் பந்தியையும் கடைவீதியையும் அது தொடவில்லை. எங்கள் வீட்டுப் பையன் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை என்றே வாதிடலாம். அவன் வாதிடவில்லை என்பது வேறு செய்தி.

இங்கேதான் நம் மரபில் ஒரு சொல் எனக்கு ஒளி தருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள ஒரு செய்தி. பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுரை கூறுகிறார்கள். நாங்கள் கூடிப் பேசுவதற்கு அதைவிட்டால் இடமில்லையே என்று தோழர்கள் முறையிடுகின்றனர். அப்படியாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று அண்ணலார் கூற, அந்த உரிமை எதுவென்று கேட்கிறார்கள். விடையாக வந்த பட்டியலில் பார்வையைத் தாழ்த்திக்கொள்வது முதலில் நிற்கிறது. தொல்லை தராதிருத்தலும் ஸலாமுக்கு மறுமொழி கூறலும் அடுத்து வருகின்றன. பாதையில் செல்பவரின் உரிமை என்று சொல்லப்படாமல், பாதையின் உரிமை என்று சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தரங்கம் என்றாலே கதவையும் சுவரையும் எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. கதவுக்கும் விதி உண்டு. துளைவழியே வீட்டினுள் எட்டிப் பார்த்தவரை அண்ணலார் கடிந்து, அனுமதி கேட்கும் முறையே பார்வையை முன்னிட்டு ஏற்பட்டது என்று உணர்த்திய நிகழ்ச்சி பலரும் அறிந்தது. ஆனால் கதவே இல்லாத வெட்டவெளிக்கும் ஓர் உரிமை உண்டென்றும், அங்கே அமர விரும்புகிறவன் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றும் சொல்வது மேலும் நுட்பமானது. பொதுவிடம் என்பதால் எல்லாம் ஆகும் என்னும் வாதத்துக்கு, பொதுவிடம் என்பதாலேயே சில ஆகா என்ற மறுமொழி அதில் இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதற்கும் கண்ணாடியால் பதிவதற்கும் என்ன வேறுபாடு என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. பார்த்தவன் மறப்பான், பார்த்ததைச் சொன்னாலும் கேட்பவன் பாதி நம்புவான். தமிழ் அகநூலார் இந்த நுட்பத்தை அறிந்தவர்கள். ஊராரின் வாயசைவோடு நிற்பதை அம்பல் என்றும், பலரறியப் பரவுவதை அலர் என்றும் பிரித்தார்கள். அம்பல் அலராக மாறுவதற்கு நாள்கள் ஆகும். இடையே மனந்திருந்தவும் மணம் முடிக்கவும் நேரம் கிடைக்கும். பல பாடல்களின் கதையே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கருவி அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. பார்த்த கணமே அலர். (கைக்கிளை, பெருந்திணை என்று இன்னும் பிரித்துப் பேசலாம், ஆசிரியர் குழுவினர் பக்கக் கணக்கை நினைவூட்டியிருப்பதால் விடுகிறேன்.)

நாவலில் பெய்லி சொல்லும் வாதங்களில் ஒன்றை மட்டும் எளிதாகத் தள்ள முடியவில்லை. அவருடைய மகன் பெருமூளை வாதத்தால் நடக்கவியலாதவன். அவன் மலையேற முடியாது. பிறர் ஏறிப் பதிந்து தந்தால் அதைப் பார்த்து மகிழ்வான். நீ படகில் சென்று கண்டதை அவனுக்குக் கொடாமல் உனக்கே வைத்துக்கொண்டாயே என்று கேட்டுத்தான் பெய்லி மேயின் கண்ணில் நீர் வரவழைக்கிறார். எக்கர்ஸ் இதைச் சூழ்ச்சியாகக் காட்டுகிறார். வாசகரும் அவ்வாறே கொள்கிறார். முதல் வாசிப்பில் நானும் கொண்டேன். இன்று அவ்வாறு முடித்துவிட மனம் ஒப்பவில்லை. பார்வைக் குறைபாடுள்ள டென்மார்க் நாட்டவர் ஒருவர் தொடங்கிய 'பி மை ஐஸ்' என்னும் சேவை, 2015 முதல் கண்ணற்றவர்களுக்குத் தொண்டர்களின் கண்ணைக் கடனாகத் தந்து வருகிறது. 2024-இல் அது இந்தக் கண்ணாடிகளோடும் இணைக்கப்பட்டது. பார்வையற்றவர் கைத்தடியைப் பிடித்தபடியே, எதிரிலுள்ள பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியலாம். மருந்துப் புட்டியின் பெயரை வாசிக்கச் செய்யலாம். கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தடுமாறத் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பல ஆண்டுகள் பாங்கு சொன்ன பார்வையற்ற பெரியவர் ஒருவர், சாலையைக் கடக்க யாரேனும் வரும்வரை வாசலில் நிற்பதைச் சிறுவயதில் தினமும் பார்த்திருக்கிறேன். அவருக்கு இது கிடைத்திருந்தால் வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேனா?

சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அவருக்கு வேண்டியது என்ன என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வண்டி வருகிறதா, இல்லையா என்பது. அதை அறிந்த மறுகணம் அவருக்கு அந்தக் காட்சி தேவையில்லை. யாருடைய முகமும் எங்கும் சேமிக்கப்பட வேண்டியதில்லை. கண்ணின் வேலையைச் செய்யும் கருவி, கண்ணைப் போலவே மறந்துவிடும்படி அமைக்கப்பட்டால் நம் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். அப்படி அமைப்பது இயலாத காரியமன்று. சேமிப்பவருக்கு அதில் ஆதாயம் இல்லை, அவ்வளவே. கண்ணற்றவரை முன்னிறுத்திக் கண்ணுள்ளவர்களுக்கு விற்கும் இந்த வணிகத்தைப் பெய்லியின் பாத்திரத்தில் எக்கர்ஸ் மிக முன்பே பிடித்துவிட்டார். ஆனால் அந்த மகனின் தேவை மெய்யானது என்பதை அவர் கண்டுகொள்ளாமல் விட்டது நாவலின் பெருங்குறை. அந்தச் சிறுவனுக்குப் பேச ஒரு பக்கம் கொடுத்திருந்தால், பெய்லியை எதிர்க்கும் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும். கழிகளாக நிற்கும் பாத்திரங்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருமண வீட்டுக் கதையை முடிக்காமல் விட்டால் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். நான் கேட்டுக்கொண்டதும் பையன் என் கண்முன்பே அந்தப் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான். முகம் வாடிப்போய்ச் சாச்சியிடம் சென்று, "மாப் பண்ணிக்கிடுங்க பெத்தும்மா, தெரியாம செஞ்சுட்டேன்" என்றான். அவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கென்ன வாப்பா, நீ எங்க பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "அழிச்சா போயிருமா?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். காலையிலேயே குடும்பக் குழுவில் அதை அனுப்பியிருந்தான் என்பதும், அதை யார் யார் இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது அவனுக்கே தெரியாது என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

விடுமுறை முடிந்து அவன் புறப்பட்டபோது எக்கர்ஸின் நாவலைக் கொடுத்தனுப்பினேன். முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள், மெர்சர் வரும் இடத்தில் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். கடைசிப் பக்கத்துப் பென்சில் குறிப்பை அழிக்காமலேயே கொடுத்தேன். அவன் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.